மூடியோடு எடுத்த படம்

ஊத்தாங்குளம் காலனியில் இரண்டாம் தெருக் கடைசி மதிலில் விழுந்த காலை வெயில் பொழுது சாய்ந்தும் போகாமல் நின்றுவிட்ட அன்று, நாங்கள் முதலில் கேட்டது அது ஏன் போகவில்லை என்பதை அல்ல, அதில் யார் முதலில் வற்றல் காயப்போடுவது என்பதைத்தான்.

அந்த மதிலுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு பெருமையும் கிடையாது. பாதி சுண்ணாம்பு உதிர்ந்து, மீதியில் எப்போதோ நடந்த தேர்தலின் சின்னம் வெளுத்துக் கிடக்கும். காலையில் தண்ணீர்த் தொட்டிக்கும் வேப்பமரத்துக்கும் நடுவில் உள்ள சந்து வழியாக ஒரு பாய் அகலத்துக்கு வெயில் வந்து அதன் மேல் சாய்ந்து நிற்கும், கொஞ்ச நேரத்தில் நகர்ந்து போய்விடும். போகிற வருகிற எங்களில் ஒருவரும் அதைப் பார்த்ததில்லை. பார்த்தவள் செண்பகம் ஒருத்திதான்.

செண்பகம் தீப்பெட்டிக் கம்பெனியில் பேக்கிங் பிரிவுக்கு சூப்பர்வைசர். புருஷன் தங்கமாரி மினிபஸ் ஓட்டுகிறவன். ஒரே மகள் கனிஷ்கா இரண்டாம் வகுப்பு. கடைத்தெருவில் இருந்த கல்யாண ஸ்டூடியோவை மூடியபோது அங்கே கிடந்த பழைய கேமராவை அவள் வாங்கிக்கொண்டு வந்தாள். கல்யாணம் காதுகுத்து எடுத்துச் சம்பாதிக்கப் போகிறாளாக்கும் என்று நினைத்த நாங்கள், அவள் எந்த விசேஷத்துக்கும் போகாமல் சுவரையும் குடத்தையும் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பதைக் கண்டதும் சிரித்தோம். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு படம், தான் பார்த்ததைப் பார்த்தபடியே காட்டுகிற ஒரே ஒரு படம். கம்பெனி பஸ் ஜன்னலில் தலையை முட்டுக் கொடுத்துக்கொண்டு வீட்டுக்கும் வேலைக்கும் போய் வந்த அத்தனை வருஷத்திலும் அவள் கண்ணுக்குள் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வெளியே வர இடமில்லாமல் முட்டிக்கொண்டிருந்தது என்று இப்போது எங்களுக்குத் தெரிகிறது, அப்போது தெரியவில்லை, தெரிந்திருந்தாலும் சிரித்திருப்போம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் அவளுடையது என்று அந்த வீட்டில் பெரிய பஞ்சாயத்துக்குப் பிறகு முடிவாகியிருந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் குழாயில் தண்ணீர் வந்தால் அது தண்ணீருடையது, விருந்தாளி வந்தால் விருந்தாளியுடையது, கனிஷ்காவுக்குக் காய்ச்சல் வந்தால் காய்ச்சலுடையது, தங்கமாரிக்கு முந்தின நாள் டூட்டி நீண்டிருந்தால் அவன் தூக்கத்துடையது, இதெல்லாம் போக மிச்சம் விழுந்தால் அவளுடையது. அப்படி மிச்சம் விழுந்த ஒரு ஞாயிறில்தான் அவள் அந்த மதிலுக்கு முன்னால் போய் நின்று படம் எடுத்தாள். பின்பக்கத் திரையில் பார்த்தால் கன்னங்கரேலென்று இருந்தது. லென்ஸ் மூடியைக் கழற்றியிருக்கிறோமா என்று பார்த்தாள், கழற்றித்தான் இருந்தது. இன்னொன்று எடுத்தாள், அதுவும் கறுப்பு. பழைய சாமானை வாங்கி ஏமாந்துவிட்டோம் என்ற வயிற்றெரிச்சலோடு, அடுப்பில் பால் பொங்கிவிடுமே என்று வீட்டுக்கு ஓடிவிட்டாள்.

வெயில் மட்டும் மதிலிலேயே நின்றது. மத்தியானம் நின்றது, விளக்கு வைத்த பிறகும் நின்றது, மறுநாள் மழை தூறியபோதும் நனையாமல் நின்றது. தொட்டால் காலை வெயிலின் இளஞ்சூடு. வற்றல் வந்தது, வற்றலுக்கு முறை வந்தது, முறைக்குச் சண்டை வந்தது, சண்டையைத் தீர்க்க வீட்டுக்கு ஒரு நாள் என்று ஏற்பாடானது. டீக்கடைக்காரர் பெஞ்சை அங்கே நகர்த்திப் போட்டார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதன் கீழே உட்கார்ந்து படித்தார்கள். கவுன்சிலர் வந்து பார்த்துவிட்டு, தன் முயற்சியால் வந்தது என்று பொருள்படும்படி ஒரு பலகை வைத்துவிட்டுப் போனார். மூன்றாம் தெருவில் பிறந்து சில நாளே ஆன பிள்ளைக்கு மஞ்சள் காமாலை கண்டு, இளவெயிலில் காட்டுங்கள் என்று டாக்டர் சொல்லி, அதுவோ அடைமழைக் காலமாக இருந்து, பெற்றவள் பிள்ளையை அந்த மதிலடியில் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பிள்ளை தேறியது. அதன் பிறகு கார்த்திகை, மார்கழி என்று மழையும் பனியுமாக இருந்த நாளெல்லாம் எங்கெங்கிருந்தோ காமாலைப் பிள்ளைகள் வந்தன.

இது செண்பகத்தின் கேமரா செய்த வேலை என்று கண்டுபிடிக்க எங்களுக்கு அதிக நாள் ஆகவில்லை. எங்கள் வீட்டு முற்றத்திலும் ஒரு படம் எடுத்துக் கொடு, எங்கள் மாட்டுக் கொட்டகையில் ஒன்று, எங்கள் அடுப்படி எப்போதும் இருட்டு என்று ஆளாளுக்கு அவளைக் கூப்பிட்டோம். கூப்பிட்டால் போக வேண்டியதுதானே, ஒரே தெருவில் குடியிருந்துகொண்டு மாட்டேன் என்று சொல்ல முடியுமா? அவளுடைய ஞாயிறு காலை எங்களுக்குள் பங்காகிப் போனது. அவள் படம் எடுப்பாள், வெயில் அங்கேயே நிற்கும், நாங்கள் தேங்காயோ ஒரு சீப்பு வாழைப்பழமோ கையில் கொடுத்து அனுப்புவோம், அவள் திரையைப் பார்ப்பாள், கறுப்பாக இருக்கும். தங்கமாரிக்குப் பெருமை தாங்கவில்லை. மினிபஸ்ஸில் ஏறுகிறவர்களிடமெல்லாம் எங்க வீட்டுக்காரி என்று ஆரம்பித்துவிடுவான். மழைக்காலத்தில் தீக்குச்சி காயாமல் வேலை நின்று போகிறதென்று கம்பெனி முதலாளியே அவளை முற்றத்துக்குக் கூப்பிட்டு ஆறேழு படம் எடுக்கச் சொன்னார். அதற்குப் பிறகு மழையென்று ஒரு நாள்கூட லீவு இல்லாமல் போனதால், பெண்டுகள் செண்பகத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

படம் வந்ததா என்று எங்களில் ஒருவரும் அவளிடம் கேட்கவில்லை. கேட்டவள் பேச்சி மட்டும்தான்.

பேச்சி, தங்கமாரியின் அக்கா குருவம்மாளின் மகள். இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார்கள். அப்பா இல்லாத பிள்ளை. செண்பகத்தோடு அதே கம்பெனிக்கு, அதே பஸ்ஸில் போய் வந்தாள். நல்ல கறுப்பு. நாவல்பழத்தைத் துடைத்து வைத்ததுபோல் பளபளக்கும் கறுப்பு. பஸ் ஜன்னல் வழியாகக் காலை வெயில் அவள் கன்னத்தில் விழும்போது செண்பகம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே வருவாள். தான் எடுக்க நினைத்த அந்த ஒரு படம் மதிலும் இல்லை, குடமும் இல்லை, இந்த முகம்தான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் எடுக்கத் துணியவில்லை. ஏனென்றால் பூனையை அவள் பார்த்திருந்தாள். டீக்கடைப் பக்கம் ஒரு படம் எடுத்தபோது குறுக்கே படுத்திருந்த பூனையின் முதுகிலும் வெயில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அது போகுமிடமெல்லாம் வெயில் கூடவே போனது, வெளிச்சம் வருவதைப் பார்த்தே எலிகள் ஓடிப்போயின, பூனை எலும்பும் தோலுமாய் இளைத்துப் போனது. அதைக் கண்டதும் செண்பகம் மனுஷர் மேல் மட்டும் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

ஒரு முறை கனிஷ்கா விளையாட்டாக அந்தக் கேமராவை எடுத்து, மூடியைக்கூடக் கழற்றாமல் சமையலறை அலமாரியைப் பார்த்து அமுக்கிவிட்டாள். அலமாரியின் நடுத்தட்டில் இருட்டு நின்றுவிட்டது. நட்ட நடு மத்தியானத்திலும் அந்தத் தட்டில் கையை விட்டுத் துழாவித்தான் புளியை எடுக்க வேண்டும். ஆனால் செண்பகம் கேமராவை வாங்கித் திரையைப் பார்த்தாள். படம் வந்திருந்தது. கடுகு டப்பா, எண்ணெய்த் தூக்கு, தேய்த்துக் கவிழ்த்த சொம்பின் தோளில் ஜன்னல் வெளிச்சம், எல்லாம் அவள் தினமும் பார்க்கிறபடியே, பார்த்து ஒருவரிடமும் சொல்ல முடியாதபடியே வந்திருந்தது. வெளிச்சம் ஏதாவது ஒரு இடத்தில்தான் இருக்கும் என்பது அவளுக்கு அப்போது விளங்கியது. ஊரில் நின்றால் படத்தில் வராது. படத்தில் வந்தால் ஊரில் இருட்டு நிற்கும்.

ஒரு வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மூடியைப் போட்டுக்கொண்டு போனால் போதும், கண்மாய்க்கரையை எடுக்கலாம், பருத்திக் காட்டை எடுக்கலாம், கம்பெனி வாசலில் பெண்டுகள் தலையைத் தட்டி மருந்துத் தூசியை உதறுகிற அந்த நேரத்தை எடுக்கலாம். எடுத்தால் கண்மாய்க்கரை என்றென்றைக்கும் இருண்டு போகும். அவள் எடுக்கவில்லை. எங்களுக்காக அவள் விட்டுக்கொடுத்தது இவ்வளவென்று எங்களுக்குத் தெரியாது. அடுத்த ஞாயிறும் எங்கள் வீட்டுக்கு எப்போது வருவாய் என்றுதான் கேட்டோம்.

பேச்சிக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். வந்தவர்களெல்லாம் காப்பி குடித்தார்கள், பஜ்ஜி சாப்பிட்டார்கள், பிள்ளை நல்ல குணம் என்றார்கள், நிறம்தான் கொஞ்சம் கம்மி என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். குருவம்மாள் மஞ்சள் பூசிப் பார்த்தாள், க்ரீம் வாங்கிப் பார்த்தாள், கடைசியில் நேராகத் தம்பி வீட்டுக்கு வந்து, பேச்சி முகத்தில் ஒரு வெயில் நிற்கட்டும் என்று கேட்டாள். செண்பகம் பூனையைச் சொன்னாள். பூனையும் பொம்பளைப் பிள்ளையும் ஒன்றா என்று குருவம்மாள் கேட்டாள். நாங்களும் அப்படித்தான் கேட்டோம். அந்தப் பூனை எங்கள் கண் முன்னால்தான் மெலிந்துகொண்டிருந்தது, இருந்தாலும் கேட்டோம். பெண்ணுக்கு நிறம் வருவதாக இருந்தால் வேறு எதையும் யோசிக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை.

குருவம்மாள் பேச்சை நிறுத்தினாள். தங்கமாரி சாப்பாட்டை நிறுத்தினான். கடைசியில் ஒரு நாள் கைகழுவிவிட்டு எழுந்தவன், "ஊருக்கெல்லாம் ஓடி ஓடி எடுக்கே. எங்க அக்கா மகள்னா மட்டும் உனக்குக் கை வராதாக்கும்" என்றான்.

பேச்சியும் வந்தாள். அவள் கேட்டது வேறு மாதிரி.

"எடுங்கத்தை. ஆசையா எனக்கு? அம்மா தினமும் சுவத்தைப் பாத்து அழுவுதா. அத நிப்பாட்டணும்."

அந்த ஞாயிறு காலை வாசற்படியில் பேச்சியை உட்கார வைத்து செண்பகம் படம் எடுத்தாள். வெயில் நெற்றியில் தொடங்கி மூக்கில் வழிந்து கன்னத்தில் நின்றது, நின்றேவிட்டது. தெருவே கூடிப் பார்த்தது. குருவம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். பேச்சி மட்டும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, படம் வந்துச்சா அத்தை என்று கேட்டாள். செண்பகம் திரையைப் பார்த்தாள். கறுப்பு. வரலை தாயி என்றாள். கேமராவுக்கு முன்னால் அந்த முகம் இருந்த நொடியில் இது வந்துவிடும் என்று தான் நிஜமாகவே நம்பியதை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்து வந்த மாப்பிள்ளை வீட்டார் காப்பி ஆறும் முன்பே சரி என்றார்கள். கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. வந்திருந்த போட்டோக்காரர்தான் மணப்பெண் பக்கம் வெளிச்சம் தூக்கலாக இருக்கிறதென்று கடைசிவரை அலுத்துக்கொண்டார்.

வெயில் பேச்சியின் இமைக்கு மேலேயும் நின்றது. கண்ணை மூடினால் உள்ளே சிவப்பாக எரிந்தது. முந்தானையால் மூடினாள், ஈரத் துண்டைப் போட்டாள், தலையணையில் முகத்தைப் புதைத்தாள், முகத்தின் மேலேயே ஒட்டிக்கொண்ட வெயிலைத் துண்டு என்ன செய்யும்? பக்கத்தில் படுத்திருந்த புருஷனுக்கும் தூக்கம் போனது. மாமியார் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தாள். கரண்ட் போனால் மருமகளைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்து அரிசியில் கல் பொறுக்கினாள். அக்கம்பக்கத்தாரும் ஊசியில் நூல் கோக்க வந்தார்கள். பிறகு புருஷன் லாரி ஷெட்டில் போய்ப் படுக்க ஆரம்பித்தான். பிறகு ஒரு நாள் காலையில் அவளைக் கொண்டுவந்து குருவம்மாள் வீட்டு வாசலில் விட்டுவிட்டு, உள்ளே வராமலே திரும்பிப் போனான்.

எங்கள் தெருவும் அவளை விட்டுவைக்கவில்லை. வா என்று பிரியமாகக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்துக்கொண்டு பேன் பார்த்தோம், அவள் முக வெளிச்சத்தில் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுத்தோம். அவள் கண் குழி விழுந்து, நின்றபடியே தள்ளாடி, பேசிக்கொண்டிருக்கும்போதே என்ன பேசினோம் என்று மறந்து போனாள். மறுபடி வேலைக்குப் போன கம்பெனியில் பசை வாளிக்குள் விழப் பார்த்ததால் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். அந்த வெளிச்சத்தில் அவள் முகம் ஒவ்வொரு மாதமும் இளைப்பது எங்களுக்கு நன்றாகவே தெரிந்தது.

செண்பகம் அவளை எங்கெங்கோ கூட்டிக்கொண்டு போனாள். கண் டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார், தோல் டாக்டர் களிம்பு கொடுத்தார், தர்காவில் தாயத்துக் கொடுத்தார்கள். மறுபடியும் மறுபடியும் படம் எடுத்துப் பார்த்தாள், இருந்த வெயில் இருந்தபடியே இருந்தது. ஒரு மத்தியானம் பேச்சி தானாகவே நடந்து வந்து, சமையலறையில் அந்த இருட்டுத் தட்டுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நின்றாள். செண்பகம் கம்பெனியிலிருந்து வந்து பார்க்கும்போது அவள் தலையை எடுக்காமலே பேசினாள். கனிஷ்கா மூடியோடு எடுத்த கதையைக் கனிஷ்காவே அவளுக்குச் சொல்லியிருந்தாள்.

"எனக்கும் மூடியைப் போட்டு எடுத்துருங்கத்தை."

"உன் முகமே இருக்காதுட்டி. ஒருத்தர் கண்ணுக்கும் தெரியாது. எப்பவுமே தெரியாது."

"தெரிஞ்சு என்ன கண்டேன்? தூங்கணும் அத்தை. அவ்வளவுதான்."

செண்பகம் மாட்டேன் என்றாள். அன்றைக்கு மாட்டேன் என்றாள், அடுத்த நாளும் மாட்டேன் என்றாள், ஒரு மாதம் போல மாட்டேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று அவள் சொன்னதில் ஒரு பயம் இருந்தது, அதைப் புருஷனிடம்கூட அவள் சொல்லவில்லை. மூடியோடு எடுத்தால் படம் வந்துவிடும். தன் ஆயுசெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அந்த ஒரு படம், கேட்டபடியே வந்துவிடும். பேச்சிக்காக எடுக்கிறோமா, அதற்காக எடுக்கிறோமா என்று பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை. அதற்குள் பேச்சி ஒரு நாள் கிணற்றடியில் மயங்கி விழுந்து பல் உடைந்தது. குருவம்மாள் வந்து, தம்பி பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடுத்து வந்த ஞாயிறு குழாயில் தண்ணீர் வரவில்லை, விருந்தாளி வரவில்லை, யாருக்கும் காய்ச்சல் இல்லை. ஒரு மணி நேரம் முழுதாக அவளுடையதாக இருந்தது. பழைய வாசற்படியிலேயே பேச்சி வந்து உட்கார்ந்தாள், தலை சீவிப் பொட்டு வைத்திருந்தாள். நாங்களும் கூடியிருந்தோம். செண்பகம் மூடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மூடி இருந்ததால் அவளுக்குக் கேமரா வழியாக ஒன்றும் தெரியவில்லை, பஸ் ஜன்னலில் பார்த்த முகத்தை மனசில் வைத்துக்கொண்டு அமுக்கினாள்.

பேச்சியின் கழுத்துக்கு மேலே இருட்டு நின்றது. சுற்றிலும் பளீரென்று காலை, நடுவில் ஒரு முக அளவுக்கு இருட்டு. உள்ளேயிருந்து அவளுக்கு எங்களையெல்லாம் நன்றாகத் தெரிந்தது, எங்களுக்குத்தான் அவளைத் தெரியவில்லை. அவள் அப்பாடா என்று சொன்னது கேட்டது. கொஞ்சம் பொறுத்து, அவள் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள்.

"படம் வந்துச்சா அத்தை?"

"வந்துருச்சு தாயி."

"நல்லாருக்கா?"

செண்பகம் திரையைக் காட்டினாள். பேச்சி ரொம்ப நேரம் பார்த்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? பிறகு அந்தப் படியிலேயே சாய்ந்து தூங்கிப் போனாள், மறுநாள் சாயங்காலம்வரை தூங்கினாள்.

அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டுக் கண்ணாடிச் சட்டம் வைத்துக் குருவம்மாள் முன்னறையில் மாட்டினாள். அப்படி ஒரு படத்தை நாங்கள் பார்த்ததில்லை. கறுத்த முகம், அதன் மேல் வெயில், நெற்றியில் ஒரு முடி தனியாக எழுந்து நிற்கிறது, உதடு எதையோ கேட்கப் போகிறது. எவ்வளவு அழகு என்று எல்லோரும் சொன்னோம். நிறம் கம்மி என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. முன்பு வேண்டாமென்று போன ஒரு மாப்பிள்ளை வீட்டில் யாரோ கேள்விப்பட்டு வந்து பார்த்துவிட்டு, இவ்வளவு லட்சணமா இருந்துச்சே என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனார்கள். நாளாக நாளாக எங்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. அந்த வீட்டுக்குப் போனால் படத்தைப் பார்த்துத்தான் பேசுவோம். சாப்பிட்டாயா பேச்சி என்று படத்தைக் கேட்போம், கீழே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிற பேச்சி, சாப்பிட்டேன் மதினி என்று இருட்டுக்குள்ளிருந்து பதில் சொல்லுவாள்.

செண்பகம் கேமராவைச் சமையலறை அலமாரியில் அந்த இருட்டுத் தட்டின் பின்பக்கம் தள்ளி வைத்துவிட்டாள், எங்கே இருக்கிறதென்று இப்போது அவளுக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று பாலைப் பார்த்துக்கொள்கிறாள். மதிலில் நிற்கிற வெயிலில் இன்னும் வற்றல் காய்கிறது, பிள்ளைகள் தேறுகின்றன, பூனைதான் செத்துப் போனது. அதைப் புதைத்த இடத்தில் மண்ணுக்கு மேலே கொஞ்சம் வெளிச்சம் இருக்கிறது.

எங்கள் வீடுகளில் தனி ஆள் படத்தைச் சுவரில் மாட்டினால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். குருவம்மாளுக்குக் கை தானாகவே போயிருக்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை செண்பகம் போனபோது சட்டத்துக்கு ஒரு முழம் கதம்பம் போட்டிருந்தது. கீழே பாயில் பேச்சி குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். செண்பகம் பூவைக் கழற்றி வைத்துவிட்டு வந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் பூ இருந்தது, மறுபடியும் கழற்றினாள். மூன்றாவது வாரம் அவளால் பொறுக்க முடியவில்லை.

"பூப் போடாதீக மதினி. பிள்ளை உயிரோடதான இருக்கா."

குருவம்மாள் ஊதுபத்தியைச் சுவர் இடுக்கில் செருகிவிட்டு, தூங்குகிற மகள் விழித்துக்கொள்ளாதபடி மெதுவாகச் சொன்னாள்.

"அவளுக்கு யாரு போட்டா? முகத்துக்குல்லா போடுதேன்."

செண்பகம் அதற்குப் பிறகு பூவைக் கழற்றவில்லை.